பழைய மோட்டார் ஹோம்: ஃபைபர் பாடியில் பெயிண்ட் விரிசல், பூசினாலும் திரும்ப வருகிறது

ஸ்காபரோவாசி | ஜூலை 6

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான். இன்றைக்கு எழுத வேண்டி வந்துவிட்டது.

நாலு வருடத்துக்கு முன்னம் ஒரு பழைய மோட்டார் ஹோம் (உள்ளே வீடுபோலத் தங்கிப் பயணம் போகிற வண்டி) வாங்கினேன். 2004ஆம் ஆண்டு வண்டி, 36 அடி, எஞ்சின் பின்னுக்கு, டீசல். உடம்பு முழுக்க ஃபைபர்கிளாஸ், அதாவது கண்ணாடி நார். அதன்மேல் கடும் நீலம், சாம்பல், வெள்ளி என்று நெளிநெளியாகப் பெயின்ற். வாங்கும்போது பத்தடி தள்ளி நின்று பார்த்தேன், வடிவாகத்தான் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது மூன்று இடத்தில் வெடிப்பு. ஒன்று, சாரதிப் பக்க யன்னலின் கீழ்மூலையிலிருந்து சாய்வாகக் கீழே இறங்குகிற கோடு, விரல் நீளம். இரண்டாவது, வண்டியின் பின்முகத்தில் கடும் நீலப் பட்டையில் மட்டும் மேலிருந்து கீழாக மயிர்போலக் கோடுகள், பக்கத்துப் பக்கத்தில் முப்பது நாற்பது இருக்கும். மூன்றாவது, பின்ஏணி பூட்டியிருக்கிற இடத்தில் நட்சத்திரம்போல ஒன்று.

யன்னல் மூலையை ஒரு கடையில் கொடுத்து 2,800 டொலர் கட்டிச் சரிப்படுத்தினேன். ஒரு பனிக்காலம் தாண்டவில்லை, அதே கோடு அதே இடத்தில் வந்து நிற்கிறது. இப்போது இன்னொரு கடைக்காரர் பின்பக்கம் முழுவதையும் உரஞ்சிப் பூச 9,500 டொலர் கேட்கிறார். கொடுக்கலாமா? இல்லை, நானே இறங்கிச் செய்யலாமா?

ஏரோட்டி66 | ஜூலை 6

வாங்க தம்பி. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பென்சில் எடுத்துக்கோங்க. ஒவ்வொரு விரிசலும் முடியும் நுனியில் குறுக்கே சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். நுனி கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த இடத்தில் உடம்பு இன்னும் அசைகிறது என்று அர்த்தம். அசைகிற இடத்தில் எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் பூசினாலும் நிற்காது. உங்கள் 2,800 டாலர் போன வழி அதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு நோய். ஒரே மருந்து கிடையாது. ஜன்னல், கதவு மூலையில் வருவது உடம்பு முறுக்கிக்கொள்வதால். பாரம் எல்லாம் மூலையில் வந்து குவியும், அங்கேதான் கிழியும். நட்சத்திரம் என்றால் உள்ளேயிருந்தோ வெளியேயிருந்தோ ஒரு புள்ளியில் அடியோ இழுப்போ இருக்கிறது. ஏணியில் யாராவது கனமான ஆள் ஏறினாரா? பக்கத்துப் பக்கத்தில் ஒரே திசையில் ஓடும் மயிர்க்கோடுகள் பெயிண்ட் கிழடுதட்டியதால் வருவது. அதை வைத்துக்கொண்டே பத்து வருஷம் ஓட்டலாம்.

நான் வைத்திருப்பது 1976 ஜிஎம்சி மோட்டார் ஹோம். மிச்சிகன் பாண்டியாக்கில் 1973 முதல் 1978 வரை செய்த வண்டி, மொத்தமே பதின்மூன்றாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் செய்தார்கள். முன்முகமும் பின்முகமும் ஃபைபர், கூரை அலுமினியம். ஐம்பது வயதுக்கு அதுவும் கோடு காட்டத்தான் செய்கிறது, எனக்கும் காட்டுகிறது.

பாலைவனப்பயணி | ஜூலை 7

ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன், நீலப் பட்டை விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. என் வண்டியில் மெரூன் பட்டையும் கிரீம் பட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஜூன் மாதம் மதியம் கிரீம் மேல் கை வைக்கலாம். மெரூன் மேல் வைத்தால் தோசைக்கல். ராத்திரி இரண்டும் ஒரே சூட்டுக்கு இறங்கிவிடும். அப்படியென்றால் மெரூன் தினமும் எவ்வளவு விரிந்து எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். கோடு விழுந்தது மெரூனில் மட்டும்தான். எல்லைக்கோடு வரை வந்து, கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடுகிறது.

ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று வெள்ளை மெழுகு போட்டுத் தேய்த்தேன். அது ஒவ்வொரு விரிசலுக்குள்ளும் இறங்கிக் காய்ந்து, அதுவரை கண்ணில் படாத கோடெல்லாம் வெள்ளை நூல் தைத்ததுபோல எழுந்து நின்றது. பல்துலக்கும் பிரஷை வைத்து இரண்டு நாள் நோண்டினேன்.

பட்டித்தகடு | ஜூலை 7

நான் நியூ ஜெர்சியில் பாடி ஷாப்பில் வேலை, அதற்கு முன் ஊரில் டிங்கரிங் பட்டறையில் பத்து வருஷம். மேலே சொன்ன வெயில் காரணம் சரி, பாதிதான்.

இந்த நெளிநெளி டிசைன் வண்டிகளில் பெயிண்ட் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். கீழே ஜெல்கோட், அதாவது ஃபைபரின் வழவழப்பான வெளித்தோல். அதன்மேல் பிரைமர். அதன்மேல் முதல் நிறம். டேப் ஒட்டி இரண்டாவது நிறம், மறுபடி டேப், மூன்றாவது நிறம். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் என்ற நிறமில்லாத பூச்சு, அதுவும் டேப் ஓரத் திட்டு தெரியாமல் இருக்க இரண்டு மூன்று கைக்கு மேல். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் கார் மேல் இருப்பதைப்போல இரண்டு பங்கு தடிமன் சேர்ந்துவிடும். தடித்த பெயிண்ட் வளையாது, உடையும். அதோடு, கண்ணாடி நார் விரிவதைவிடப் பெயிண்ட் அதிகமாக விரியும். தினமும் இரண்டும் இழுபறி. ஒரு நாள் பெயிண்ட் தோற்கும்.

தடிமன் அளக்கப் போகிறேன் என்று கடையில் விற்கும் சாதாரண மீட்டரை வாங்காதீர்கள். அது இரும்பு அல்லது அலுமினியம் அடியில் இருந்தால்தான் வேலை செய்யும். ஃபைபருக்கு அல்ட்ராசோனிக் மீட்டர் வேண்டும், விலை வேறு மாதிரி.

மீட்டரே வேண்டாம், இதைச் செய்யுங்கள். பின்முகத்தில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், ஒரு அங்குலச் சதுரம், மெழுகு எடுக்கும் திரவத்தால் முதலில் துடையுங்கள். துடைக்காமல் உப்புத்தாள் வைத்தால் மெழுகை உள்ளே அரைத்து விடுவீர்கள், பிறகு எதுவும் ஒட்டாது. 220 நம்பர் தாளில் மெதுவாகத் தேயுங்கள். தூள் முதலில் வெள்ளையாக வரும், அது கிளியர். அப்புறம் நீலம். அப்புறம் சாம்பல் பிரைமர். எந்த இடத்தில் கோடு மறைகிறது என்று பாருங்கள். கிளியரிலேயே மறைந்தால் சின்ன வேலை. பிரைமர் போய் ஜெல்கோட்டிலும் கோடு நிற்கிறது என்றால் அந்த 9,500 டாலருக்குப் பூசினாலும் இரண்டு கோடைக்குள் திரும்ப எட்டிப் பார்க்கும். கடைக்காரர் எந்த அளவுக்கு உரசுவார் என்று எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் எடுத்துருவோம்" என்று வாயால் சொல்வது கணக்கில்லை.

புதிதாய்வந்தவன் | ஜூலై 8

மன்னிக்கவும், சின்னக் கேள்வி. இவ்வளவு கஷ்டப்படாமல் வெடிப்பில் சிலிக்கான் பசையை அடைத்துத் துடைத்துவிட்டால் என்ன? தண்ணீர் இறங்காது அல்லவா?

பட்டித்தகடு | ஜூலை 8

ஐயோ வேண்டாம். சிலிக்கான் ஒரு தடவை பட்ட இடத்தில் பிறகு பெயிண்ட் உட்காராது. மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி ஓடும். அடுத்து வேலை செய்கிறவன் உங்களைத் திட்டிக்கொண்டே செய்வான். அந்த வேலையை எத்தனையோ முறை செய்தவன் நான்.

தண்ணீர் இறங்கும் பயம் இருந்தால் மயிர்க்கோட்டுக்குள் தானாக ஊறி இறங்கும் நீர்த்த சீலர் கிடைக்கிறது, கேப்டன் டாலீஸ் என்ற பெயரில் விற்பது மாதிரி. சொட்டு விட்டு, அரை மணி கழித்து மறுபடி சொட்டு. அழகு வராது, தண்ணீர் நிற்கும். கனடா ஆளுக்கு அது முக்கியம். உள்ளே போன தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் பருக்கும், கோட்டை நெம்பித் திறக்கும்.

ஸ்காபரோவாசி | ஜூலை 13

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை உரஞ்சிப் பார்த்தேன். பட்டித்தகடு அண்ணை சொன்னபடியே வெள்ளைத் தூள், நீலத் தூள், சாம்பல் தூள். கோடு போகவில்லை. ஜெல்கோட்டிலும் நிற்கிறது, ஆனால் அங்கே மிக மெல்லிசு, நனைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

யன்னல் மூலையிலும் செய்தேன். அது வேறு கதை. பெயின்றுக்குக் கீழே பழைய கடைக்காரர் அப்பிய பட்டி ஒரு தகடாகக் கழன்று வந்தது. அதற்குக் கீழே வெடிப்பு நாருக்குள்ளேயே போகிறது. குத்தூசியை விட்டால் முனை இறங்குகிறது. ஆக, வெடிப்பை மூடி மறைத்துவிட்டுத்தான் 2,800 டொலர் வாங்கியிருக்கிறார்.

இன்னொரு விடயம். நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் "டக் டக்". யன்னல் மூலைக்குக் கீழே ஒரு கையகலத்துக்கு "டொப் டொப்".

படகுத்துறை | ஜூலை 13

தம்பி, நான் நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் போட் ரிப்பேர் பார்க்கிறவன். உங்க வண்டியை நான் பார்த்ததில்லை, ஆனா ஃபைபர் எங்கே இருந்தாலும் ஃபைபர்தான். "டொப்"னு சத்தம் வந்தா உள்ளே மேட் (கண்ணாடி நார் விரிப்பு) அடுக்கு பிரிஞ்சிருக்கு, இல்லை பின்னால் ஒட்டின பலகை விட்டிருக்கு. அதை வெளியே இருந்து மட்டும் பார்த்து மூடினா பிரயோஜனம் இல்லை. பின்பக்கம் போக வழி பண்ணுங்க.

நாங்க செய்யறது: விரிசலோட ரெண்டு நுனியிலும் மூணு மில்லிமீட்டர் துளை. விரிசல் அதைத் தாண்டி ஓடாது. அப்புறம் விரிசலை வாய் திறந்து விடணும், அடியில் குறுகலா மேலே அகலமா. கிரைண்டர் வேண்டாம், கை நழுவும். பழைய ஹேக்சா பிளேடை உடைச்சு முனையைத் தீட்டி இழுப்போம். அசிட்டோன்ல துடைச்சு, பின்பக்கம் சாய்வா ராவி ரெசின் (காய்ஞ்சா இறுகுற பிசின்) தடவி மேட் ரெண்டு மூணு அடுக்கு. அடுக்கு ஒவ்வொண்ணும் முன்னதைவிடப் பெரிசா இருக்கட்டும். முன்பக்கம் பட்டி.

ஒரு விஷயம் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். பாலியஸ்டர் ரெசின்ல கோபால்ட்டை (இறுகறதை வேகப்படுத்துற திரவம்) முதல்ல கலக்கி, நல்லா கிண்டி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட் (இறுக வைக்கிற திரவம்). ரெண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு ஊத்தினா வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணுல தெறிச்சா பார்வை போயிடும், கண்ணாடி போடாம தொடாதீங்க. எங்க பட்டறையில ஒரு பையனுக்கு நூலிழையில தப்பிச்சது.

பட்டித்தகடு | ஜூலை 14

அண்ணே, மரியாதையோடு ஒரு மறுப்பு. படகுக்குப் பாலியஸ்டர் சரி, புதிதாக அடுக்கும்போது அடுக்கோடு அடுக்கு சேர்ந்து இறுகும். இருபது வருஷம் முன்பே இறுகிப்போன பழைய ஃபைபர் மேல் பாலியஸ்டர் வெறும் ஒட்டுதான். ரிப்பேருக்கு எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் பிடிப்பது போல அது பிடிக்காது.

படகுத்துறை | ஜூலை 14

தம்பி, எபாக்ஸி விலைக்கு எங்க ஊர்ல பாதி போட் வாங்கிடலாம். நாங்க ஒட்டினதெல்லாம் கடல்ல அலையடிச்சு நிக்குது. நல்லா ராவினா எதுவும் பிடிக்கும். அதுவுமில்லாம எபாக்ஸி மேல ஜெல்கோட் போட்டா ஒழுங்கா ஒட்டாது, அதையும் சொல்லுங்க.

பட்டித்தகடு | ஜூலை 14

அது உண்மைதான். ஆனால் இவர் வண்டியில் மேலே ஜெல்கோட் தெரியப்போவதில்லை, பெயிண்ட்தான். எபாக்ஸி மேல் பிரைமரும் பெயிண்டும் நன்றாகவே உட்காரும். ஒன்றே ஒன்று, எபாக்ஸி இறுகிய பிறகு மேலே வழவழவென்று ஒரு பிசுக்கு வரும். அதை அசிட்டோனால் துடைத்தால் போகாது. வெறும் தண்ணீரும் தேய்க்கும் நாரும் போதும். கழுவிய பிறகுதான் உப்புத்தாள்.

படகுத்துறை | ஜூலை 14

சரி, வண்டிக்கு உங்க வழி. போட்டுக்கு என் வழி. 🙂

ஏரோட்டி66 | ஜூலை 15

ரெசின் சண்டை முடிந்ததா? இப்போது நான் முதல் நாளே கேட்க வேண்டியிருந்த கேள்வி. தம்பி, வண்டியை வீட்டில் எங்கே நிறுத்துகிறீர்கள்? நிறுத்தினதும் கதவு முன்போலச் சாத்துகிறதா?

ஸ்காபரோவாசி | ஜூலை 15

வீட்டு முற்றத்தில்தான், அண்ணை. சரிவு. சாரதிப் பக்கம் முன்சில்லு பள்ளத்தில் நிற்கும். மட்டம் பார்க்க, வண்டியைத் தூக்கிப் பிடிக்கிற ஜாக்குகளில் அந்த மூலை ஜாக்கை மட்டும் நன்றாக இறக்குவேன். கதவா? ஜாக் போட்டால் கதவு இறுகும், தோளால் இடித்துத்தான் திறப்போம். மகள் "கோபக்கதவு" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஏரோட்டி66 | ஜூலை 15

நினைத்தேன்! உங்கள் கதவு கோபப்படவில்லை, அழுகிறது. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் 36 அடிச் சட்டம் ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கும். மேலே இருக்கிற ஃபைபர் கூடு அந்த அளவுக்கு முறுக்காது. எங்கே விட்டுக்கொடுக்கும்? ஜன்னல் மூலையில், கதவு மூலையில். முன்கண்ணாடி ரப்பர் விலகுவதும் இதனால்தான்.

எப்போதும் ஜோடியாக இறக்குங்கள். முன் இரண்டும் ஒன்றாக, அப்புறம் பின் இரண்டும் ஒன்றாக. பள்ளமான சக்கரத்துக்கு அடியில் முதலிலேயே பலகை அடுக்கி வண்டியை அதன்மேல் ஏற்றிவிடுங்கள், ஜாக்குக்கு வேலை குறையும். இன்று மாலை ஒரு சோதனை: விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய காகித டேப்பை இழுத்து ஒட்டுங்கள். வழக்கம்போல அந்த ஒரு ஜாக்கை இறக்குங்கள். டேப்பைப் பாருங்கள்.

ஸ்காபரோவாசி | ஜூலை 15, இரவு

டேப் சுருங்கி மடிந்தது. ஜாக்கை மேலே எடுத்தேன், மடிப்பு விரிந்து டேப் விண்ணென்று நின்றது. திரும்ப இறக்கினேன், திரும்ப மடிந்தது. நாலு வருடமாக நானே பிடித்துத் திறந்து மூடியிருக்கிறேன். அந்தக் கடைக்காரரில் பாதி பிழைதான்.

பாலைவனப்பயணி | ஜூலை 16

இதைப் படித்துவிட்டு என் ஜாக்கைப் போய்ப் பார்த்தேன். நானும் ஒற்றை மூலைக்காரன்தான். பலகை வாங்கியாகிவிட்டது.

ஸ்காபரோவாசி | செப்டம்பர் 28

இரண்டு மாதமாகச் சத்தமில்லை என்று நினைத்திருப்பீர்கள். வேலை முடிந்தது, விபரமாக எழுதுகிறேன்.

முதலில் ஏணி. மேல்கால் பூட்டிய இடத்தில் உள்ளுக்குப் பலகை இல்லை, வெறும் ஃபைபரில் இரண்டு திருகாணி. யாரும் ஏற ஏற அது பிடுங்கியிருக்கிறது. பின்பக்கம் அலுமினியத் தகடு வைத்துப் போல்ட் போட்டேன். நட்சத்திரத்தைக் கீறித் திறந்து எபாக்ஸி நிரப்பினேன். அரைநாள் வேலை.

யன்னல் மூலைக்குச் சாரதி இருக்கைக்குப் பக்கத்துச் சின்ன அலுமாரியைக் கழற்ற வேண்டி வந்தது. பதினான்கு திருகாணி, அதில் ஒன்று வெளிச்சக் கம்பிக்குப் பின்னால். கழற்றினால் மஞ்சள் நுரை. நுரையை வெட்டி எடுத்தால் உள்ளே ஒரு இரும்புக் கோணம், ஃபைபரோடு பசையால் ஒட்டியிருந்தது. "டொப்" சத்தம் அதுதான். பசை முழுக்க விட்டு, கோணம் கையால் ஆட்டினால் ஆடியது. அதன் விளிம்பு உரசி ஃபைபரின் உட்பக்கத்தில் வெள்ளையாய் ஒரு தழும்பு.

படகுத்துறை ஐயா சொன்ன துளைகள், ஹேக்சா பிளேடு, பட்டித்தகடு அண்ணை சொன்ன எபாக்ஸி. இரண்டு பேருக்கும் வெற்றி. ஃபைபர் மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. சாய்வு தடிப்பைப்போலப் பன்னிரண்டு மடங்கு வேண்டும் என்று வாசித்தேன், அதனால் சுற்றிவர 36 மில்லிமீற்றர் ராவினேன். உட்பக்கம் துணி மூன்று அடுக்கு, கோணத்தைத் திரும்ப ஒட்டினேன். இரவில் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கிவிட்டது, எபாக்ஸி விடிந்தும் பிசுபிசுத்தது. வேலைக்கு எரிக்கும் பல்பு ஒன்றை இரண்டடி தள்ளி வைத்து அடுத்த நாள்தான் இறுகியது. அவசரத்துக்கு எபாக்ஸியை இறுக வைக்கிற ஹார்டனரை அதிகமாக ஊற்ற மனம் சொன்னது, ஊற்றவில்லை.

பெயின்ற் மட்டும் நான் அடிக்கவில்லை.

பட்டித்தகடு | செப்டம்பர் 28

அடிக்காதது நல்லது. இரண்டு பாகம் கலக்கும் கிளியரில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் உண்டு. காகித முகமூடி போதாது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். ஒரு தடவை நுரையீரலுக்கு ஒத்துக்காமல் போனால் பிறகு அந்த வாசனையே ஆகாது. எனக்குத் தெரிந்த ஒரு ஆள் இப்போது பெயிண்ட் கடை வாசலில்கூட நிற்க முடியாது.

நிறம் பொருந்தியதா?

ஸ்காபரோவாசி | செப்டம்பர் 29

பொருந்தவில்லை. இருபது வருட வெயில் குடித்த வெள்ளிக்குப் பக்கத்தில் புது வெள்ளி. கடைக்காரர் பட்டை எல்லை வரைக்கும் கொண்டுபோய் முடித்தார், அதனால் பத்தடியில் தெரியாது. 650 டொலர்.

பின்முகத்து நீலத்தைத் தொடவில்லை. மெல்லிய சீலரை ஊறவிட்டு, பனிக்காலத்துக்குக் காற்றுப் போகிற உறை போட்டேன். சரியாகச் செய்வதென்றால் ஜெல்கோட் வரை முழுக்க உரஞ்சி, மெல்லிய துணி எபாக்ஸியில் போர்த்தி, பிறகு பூச வேண்டும் என்கிறார்கள். அந்தக் காசுக்கு நியூஃபவுண்ட்லாந்து போய் வரலாம். வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது, நியூஃபவுண்ட்லாந்து வென்றது.

ஏரோட்டி66 | செப்டம்பர் 29

நல்ல வாக்கெடுப்பு. பென்சில் கோடு போட்டீர்களா?

ஸ்காபரோவாசி | மே 11

போட்டேன், அண்ணை. பனிக்காலம் முடிந்து உறையைக் கழற்றினேன். யன்னல் மூலை அப்படியே இருக்கிறது. ஏணி அப்படியே. நீலத்தில் கோடுகள் எண்ணவில்லை, எண்ணப் போவதுமில்லை.

ஆனால் கதவின் மேல்மூலையில் ஒரு மயிர்க்கோடு, முன்பு இருந்ததா புதிதா என்று சத்தியமாகத் தெரியாது. நுனியில் பென்சிலால் கீறி, "மே 11" என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன். கதவு இப்போது ஒரு விரலால் சாத்துகிறது. இனி மகள் கதவுக்குப் புதுப்பெயர் தேட வேண்டும்.